ஒரே ஒரு கோப்பை

(வல்லக்கோட்டையில் பொங்கல் விளையாட்டு விழாவின் நிறைவு மாலையில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு. பேச்சு நடையை அதிகம் திருத்தாமல் அச்சிட்டிருக்கிறோம்.)



இந்த மேசைமேல் ஒரு கோப்பை இருக்கிறது பாருங்கள். மற்ற கோப்பைகள் எல்லாம் சேர வேண்டிய கைகளுக்குச் சேர்ந்துவிட்டன. கபடிக்கு, கயிறு இழுப்புக்கு, நூறு மீட்டருக்கு, கல் தூக்கியவருக்கு, சாக்கு ஓட்டத்துக்கு, சைக்கிளை மெதுவாக ஓட்டியவருக்கு. இது ஒன்றுதான் மிச்சம். அடியில் ‘விழாவின் சிறந்த விளையாட்டு வீரர்’ என்று பொறித்திருக்கிறார்கள். அது யார் என்று நான் சொல்ல வேண்டுமாம். முப்பத்தோரு வருஷம் விசில் ஊதிய பி.இ.டி. வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாதா என்று விழாக் குழுத் தம்பிகள் நினைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. அதனால்தான் பேச ஒப்புக்கொண்டேன். பேசி முடிப்பதற்குள் தெரிந்துவிட்டால் கொடுத்துவிடுகிறேன்.

இந்த ஊரில் இந்தக் கேள்வி புதிதல்ல. நம் கோயில் முருகன் ஏழடி உயரம் என்பார்கள். கூடைப்பந்து அணியில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வார்கள். அவரும் ஒரு போட்டியில் தோற்றவர்தான். உலகத்தை முதலில் சுற்றி வருபவருக்கு மாம்பழம் என்றார்கள். இவர் மயிலேறி நிஜமாகவே சுற்றி வந்தார். அண்ணன் பிள்ளையார் அம்மா அப்பாவைச் சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டார். பக்தியை விடுங்கள், ஒரு நடுவராகச் சொல்கிறேன்: ஓட்டம் தொடங்கிய பிறகு தூரத்தின் அளவை மாற்றினால் அந்தப் போட்டியை ரத்து செய்திருக்க வேண்டும். வல்லக்கோட்டையில் நின்றுகொண்டு வேறு மாதிரி தீர்ப்புச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கதைக்குள் ஒரு விஷயம் இருக்கிறது. யார் பெரியவர் என்பது ஓடியவன் காலில் இல்லை, அளவுகோலைப் பிடித்திருப்பவர் கையில் இருக்கிறது.

அமெரிக்காவில் இ.எஸ்.பி.என். என்று ஒரு விளையாட்டு நிறுவனம். 2004 வாக்கில் அவர்கள் ஒரு பட்டியல் போட்டார்கள். எட்டுப் பேர் குழு. அறுபது விளையாட்டுகள். ஒவ்வொன்றுக்கும் பத்துத் தலைப்பில் மார்க்: தாக்குப்பிடித்தல், பலம், வெடித்தெழும் விசை, வேகம், சுறுசுறுப்பு, வளைந்துகொடுத்தல், நெஞ்சழுத்தம், அடிதாங்குதல், கண்ணும் கையும் ஒத்துழைப்பது, ஆட்டத்தைக் கணிக்கும் அறிவு. கூட்டிப் பார்த்ததில் குத்துச்சண்டை முதலிடம், ஐஸ் ஹாக்கி இரண்டாவது. கடைசி, அறுபதாவது, தூண்டிலில் மீன் பிடிப்பது. மொத்தமாக ஒப்பிடாமல் பத்தாகப் பிரித்துப் பார்த்தார்களே, அதுவரைக்கும் நல்ல வேலைதான். ஆனால் அந்த அறுபதில் மாட்டுக்குக் கயிறு வீசும் அமெரிக்க விளையாட்டு உண்டு, சியர்லீடிங் உண்டு. கிரிக்கெட் இல்லை. கபடி இல்லை. பத்துத் தலைப்பில் மூச்சு என்று தனியாக ஒன்றும் இல்லை. பட்டியல் போட்டவர் கண்ணில் படாததற்கு மார்க்கும் கிடையாது, பூஜ்யமும் கிடையாது.

சரி, மனிதர் கையில் அளவுகோலைக் கொடுத்தால்தானே வம்பு, கருவியால் அளந்துவிடலாமே என்பீர்கள். நீங்கள் ஒரகடத்துத் தொழிற்சாலைக்காரர்கள், அப்படித்தான் கேட்பீர்கள். அளக்கலாம். ஜேம்ஸ் வாட் தன் நீராவி எந்திரத்தை விற்கும்போது வாங்க வந்தவருக்குப் புரிய வேண்டும் என்று குதிரையோடு ஒப்பிட்டார். அப்படி வந்ததுதான் குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறன் 746 வாட். நம் வீட்டு மிக்ஸி 750 வாட். ஆக, ஒவ்வொரு அடுப்படியிலும் ஒரு குதிரை நிற்கிறது. மனிதர் எவ்வளவு? நாள் முழுக்க உடலுழைப்பு செய்பவர் சராசரியாக 75 வாட் அளவுக்கு வேலை தருவார். உலகின் முதல் வரிசை சைக்கிள் வீரர் ஒரு மணி நேரத்துக்கு 400 வாட் தருவார். 2015-ல் ராபர்ட் ஃபர்ஸ்டமன் என்ற ஜெர்மன் சைக்கிள் வீரரை 700 வாட் டோஸ்டரோடு இணைத்த சைக்கிளில் உட்காரவைத்தார்கள். ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர், தொடை ஒவ்வொன்றும் பனைமரம் மாதிரி. ஒரு நிமிடம் மிதித்தார். ஒரு ரொட்டித் துண்டு லேசாகச் சிவந்தது. அவர் இறங்கித் தரையில் விழுந்து புரண்டார். நம் வீட்டுப் பெண்கள் ஒரு சட்னி அரைக்கிற நேரம்.

(சிரிப்பு.)

இந்தக் கணக்கில் ஃபர்ஸ்டமன்தான் ராஜா. ஆனால் இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள் என்றால்? உசேன் போல்ட் 2009-ல் பெர்லினில் நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். நடுவில் ஒரு கட்டத்தில் மணிக்கு 44 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினார். அதே போல்ட் வாழ்நாளில் ஒரு மைல் தூரம் ஓடியதே இல்லை என்று அவருடைய மேலாளர் சொல்லியிருக்கிறார். மாரத்தான் வீரர் கிப்சோகே 2019-ல் வியன்னாவில் 42 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் முடித்தார். மணிக்கு 21 கிலோமீட்டர். டிவிஎஸ் ஃபிஃப்டியில் சந்தைக்குப் போகிற பெரியவர் அந்த வேகத்தில்தான் போவார். ஆனால் கிப்சோகே காலால் போனார், இரண்டு மணி நேரம் விடாமல் போனார். இவர்களில் யார் பெரியவர்? இதே ரோட்டில் ஒரு பக்கம் என்ஃபீல்டு புல்லட் செய்கிறார்கள், இன்னொரு பக்கம் பாரத்பென்ஸ் லாரி செய்கிறார்கள். எந்த இன்ஜின் பெரியது என்று அங்கே வேலை செய்யும் தம்பிகளிடம் கேட்டுப் பாருங்கள். “எதை இழுக்க, சார்?” என்று திருப்பிக் கேட்பார்கள். தசையிலும் அப்படித்தான். சட்டென்று வெடித்துச் சீக்கிரம் களைக்கும் இழை ஒரு ஜாதி, மெல்ல இழுத்து நெடுநேரம் நிற்கும் இழை இன்னொரு ஜாதி. ஒருவர் உடம்பில் எது எவ்வளவு என்பதில் பாதி அப்பன் ஆத்தாள் கொடுத்தது.

அப்படியானால் எல்லாரையும் எல்லா ஆட்டமும் ஆடவிட்டுப் பார்த்தால் என்ன? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1973-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘சூப்பர்ஸ்டார்ஸ்’ என்று ஒரு நிகழ்ச்சி. நம்மவர் படமில்லை. வெவ்வேறு விளையாட்டுகளின் நட்சத்திரங்களைக் கூட்டி வந்து ஓட, நீந்த, சைக்கிள் ஓட்ட, எடை தூக்கவிட்டார்கள். அவரவர் சொந்த ஆட்டத்தில் மட்டும் கலந்துகொள்ளக் கூடாது. அதில் ஜோ ஃப்ரேசியர் வந்திருந்தார். முகமது அலியை முதன்முதலில் தோற்கடித்த மனிதர். சில வாரங்களுக்கு முன்புவரை உலகக் குத்துச்சண்டைச் சாம்பியன். நீச்சலில் பெயர் கொடுத்துவிட்டுக் குளத்தில் குதித்தார். பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது, அவருக்கு நீந்தத் தெரியாது என்று. தட்டுத் தடுமாறி, தண்ணீர் குடித்துக் கரை சேர்ந்தார். கடைசியில் ஜெயித்தவர் பாப் சீக்ரன் என்ற கம்பூன்றித் தாண்டும் வீரர். இ.எஸ்.பி.என். பட்டியலில் முதலிடம் குத்துச்சண்டைக்கு. இங்கே குத்துச்சண்டைக்காரர் குளத்தில் தத்தளித்தார். இரண்டும் உண்மைதான்.

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. யோ-யோ டெஸ்ட் கேள்விப்பட்டிருப்பீர்கள். இருபது மீட்டர் போய், இருபது மீட்டர் திரும்பி, பத்து விநாடி மூச்சு வாங்கி, மறுபடி ஓட வேண்டும். பீப் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், இடைவெளி குறைந்துகொண்டே வரும். டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ கால்பந்தாட்டக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்த சோதனை. 2017 வாக்கில் இந்தியக் கிரிக்கெட் அணி அதை வாசற்படியாக வைத்தது. அப்போது 16.1 எடுக்காதவன் உள்ளே வர முடியவில்லை. 2018 ஐபிஎல்லில் சென்னைக்காக அம்பட்டி ராயுடு 602 ரன் அடித்தார். வயசானவர்கள் கூட்டம் என்று கேலிசெய்யப்பட்ட அந்த அணி கோப்பையை வாங்கியது. அடுத்த மாதமே அவர் யோ-யோவில் தேறவில்லை என்று இங்கிலாந்து போகும் அணியிலிருந்து நீக்கினார்கள். நான் உடற்பயிற்சிக்கு எதிரி இல்லை. தொந்தி வைத்த ஃபீல்டரைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல் வரும். ஆனால் கால்பந்து நெஞ்சுக்குத் தைத்த சட்டையைக் கிரிக்கெட் தோளுக்கு மாட்டிவிட்டு, தோள் சரியில்லை என்று சொன்னார்கள். சில மாதம் கழித்து அவர் அந்தச் சோதனையில் தேறித் திரும்பி வந்தார், அது வேறு விஷயம்.

நேர்மையாக ஒரே கோப்பை கொடுக்க முயன்றவர்கள் தடகளக்காரர்கள். டெகத்லான். இரண்டு நாள், பத்துப் போட்டி. ஓட்டம் நான்கு, தாண்டல் மூன்று, எறிதல் மூன்று. ஒவ்வொன்றின் நேரத்தையும் தூரத்தையும் சூத்திரம் போட்டுப் புள்ளியாக்கிக் கூட்டுவார்கள். டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பையன் தேஜஸ்வின் சங்கர் 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 7,666 புள்ளி எடுத்து வெள்ளி வாங்கினார். அப்போது அது தேசியச் சாதனை. அவர் அடிப்படையில் உயரம் தாண்டுபவர். அந்த டெகத்லானில் 2.21 மீட்டர் தாண்டினார். அதற்கு மட்டும் 1,002 புள்ளி. கம்பை ஊன்றும் போட்டியில் விட்டதை இங்கே பிடித்தார் என்று சொல்லலாம். இதுதான் நேர்மையான தராசு என்று நானும் பல வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பிறகு ஒருநாள் தோன்றியது: பத்திலும் எதிரே ஆள் இல்லையே. ஈட்டியை எறியும்போது ஈட்டியைப் பிடுங்க யாரும் வருவதில்லை. ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடும்போது காலைக் கவ்வ யாரும் தரையில் படுத்திருப்பதில்லை. கபடி ஆடிய எனக்கு அது பெரிய குறை.

இப்போது சாக்கு ஓட்டத்துக்கு வருகிறேன்.

சிரிக்காதீர்கள். காலையில் சாக்குக்குள் காலை விட்டுக்கொண்டு பதினோரு பிள்ளைகள் தவளை மாதிரி குதித்தீர்கள். நூறு மீட்டரில் முதலாவதாக வந்த பையன் சாக்கில் நாலாவது. ஏன்? சாக்கு அவன் காலைக் கட்டிவிட்டது. அவனிடம் இருந்த ஒரே ஆயுதம் நீளமான எட்டு. அது பிடுங்கப்பட்டதும் அவன் சாதாரண ஆள். முதலில் வந்த பிள்ளை ஓட்டத்தில் தகுதிச் சுற்றிலேயே போனவள். ஆனால் இடுப்பை இறுக்கிக் குதிக்கத் தெரிந்தவள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நான் இத்தனை வருஷம் தப்பான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று பட்டது. ஆட்டக்காரர் உடம்பில் என்ன இருக்கிறது என்று கேட்பதைவிட, ஆட்டம் அந்த உடம்பிலிருந்து எதைக் கட்டிப்போடுகிறது என்று கேட்க வேண்டும். எல்லா விதியும் ஒரு கட்டுத்தான். கால்பந்து கையைக் கட்டுகிறது. நடைப்போட்டி ஓட்டத்தைக் கட்டுகிறது. வழுக்குமரம் பிடிமானத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. உறியடி கண்ணைக் கட்டுகிறது.

சடுகுடு மூச்சைக் கட்டுகிறது. உலகத்தில் வேறெந்த ஆட்டத்திலும் இப்படி ஒரு விதி கிடையாது என்றே நினைக்கிறேன். உங்கள் தசைக்கு எப்போது காற்று அதிகம் தேவையோ அப்போது நீங்கள் காற்றை உள்ளே இழுக்கக் கூடாது. வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் சத்தமாக, நடுவர் காதில் விழும்படி. எதிரில் ஏழு பேர். பாதி மைதானம் என்பது ஆறரை மீட்டருக்குப் பத்து மீட்டர், நம் ஊர்க் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மூலை. தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். இப்போது ஒரு சின்ன சோதனை. எல்லோரும் நன்றாக மூச்சை இழுங்கள். நான் விசில் ஊதியதும் ஒரே மூச்சில் கபடி, கபடி சொல்லுங்கள். உட்கார்ந்தபடியே. மூச்சு முடிந்தவர் கை தூக்க வேண்டும்.

(கூட்டம் முழுக்கச் சொல்கிறது. பதினைந்தாவது விநாடியில் பாதிக் கைகள் உயர்கின்றன. முப்பது விநாடி தாண்டியும் கடைசி வரிசையில் ஒரு பாட்டியின் குரல் கேட்கிறது. பலத்த கைத்தட்டல்.)

அம்மா, நீங்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொல்லியிருந்தால் இன்னும் போயிருக்கும். பாருங்கள், உட்கார்ந்த இடத்திலேயே பாதிப் பேருக்குப் பதினைந்து விநாடி. இதை ஓடிக்கொண்டு, குனிந்துகொண்டு, தொடையைப் பிடித்த மூன்று பேரை இழுத்துக்கொண்டு செய்ய வேண்டும். இடையில் திருட்டு மூச்சு வாங்குகிற கில்லாடிகள் உண்டு. நானும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் சின்ன வயதில் மூச்சு உள்ளவரைக்கும் ‘கபடி, கபடி’ என்று பாடலாம். கடிகாரம் கிடையாது. தொண்ணூறு கிலோ பிடி ஆட்டக்காரர் மலை மாதிரி மூலையில் நிற்பார், பாடுகிறவன் மூச்சு அறும்வரை காத்திருப்பார். இன்று ஒரு பாடலுக்கு முப்பது விநாடி. ஆண்களுக்கு எடை 85 கிலோவைத் தாண்டக் கூடாது. மண் போய் மேட் வந்துவிட்டது, வெறுங்கால் போய் ஷூ வந்துவிட்டது. கட்டு மாறியதும் உடம்பும் மாறிவிட்டது. அன்றைய மன்னர்கள் நெஞ்சுக்கூடு அகன்றவர்கள். இன்றைய மன்னர்கள் கணுக்காலும் இடுப்பும் ஸ்பிரிங் மாதிரி உள்ளவர்கள். பழைய ஆட்டத்துக்கும் புதிய ஆட்டத்துக்கும் நடுவில் பாலமாக நின்றவர் என்று நான் தஞ்சாவூர்க்காரர் தர்மராஜ் சேரலாதனைச் சொல்வேன். 2016-ல் புரோ கபடியின் நான்காவது பருவத்தில் பாட்னா அணி அவருடைய தலைமையில் கோப்பை வாங்கியது. அப்போது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. அதற்குப் பிறகும் பல வருஷம் ஆடினார். இருபது வயதுப் பையன் பாடி வரும்போது அவனைவிட வேகமாக அவரால் நகர முடியாது. அவன் எந்தக் காலை அடுத்து ஊன்றுவான் என்று அவருக்கு முன்பே தெரியும். தரையில் இரண்டு எட்டு மிச்சம் பிடிப்பதும் ஓட்டம்தான்.

இங்கிருந்து அரை மணி நேரத்தில் இருங்காட்டுக்கோட்டை. 1990-ல் திறந்த ரேஸ் டிராக் அங்கே இருக்கிறது, சுற்று 3.7 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் நிறையப் பேர் இங்கே இருப்பீர்கள். உட்கார்ந்து வண்டி ஓட்டுவது ஒரு விளையாட்டா, பெட்ரோல்தானே ஓடுகிறது என்று என் மருமகன் கேட்பான். அங்கே ஆட்டம் எதைக் கட்டுகிறது? உடம்பு முழுவதையும். தோள், இடுப்பு, தொடை எல்லாவற்றையும் பட்டையால் இறுக்கிவிடுகிறார்கள். நகர முடியாத உடம்பு. ஃபார்முலா ஒன் வளைவுகளில் பூமி இழுப்பதைப்போல நான்கைந்து மடங்கு பக்கவாட்டில் இழுக்கும். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறு ஏழு கிலோ என்றால் அந்த நேரத்தில் கழுத்து முப்பது கிலோ தாங்குகிறது. ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு வளைவிலும், ஒன்றரை மணி நேரம். சூடான ஊரில் ஓட்டினால் இரண்டு மூன்று கிலோ வியர்வையாகப் போய்விடும். இதயம் நூற்று அறுபதைத் தாண்டித் துடித்துக்கொண்டிருக்கும், உடம்போ ஆணியடித்த மாதிரி இருக்கும். கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005-ல் அந்தப் பந்தயத்துக்குப் போன முதல் இந்தியர். அந்த வருஷம் அமெரிக்கப் பந்தயத்தில் டயர் தகராறில் பெரும்பாலானோர் விலகி, ஆறே கார்கள்தான் ஓடின. இவர் நாலாவதாக வந்தார். ஆறில் நாலு என்று கேலி செய்தவர்கள் உண்டு. கேலி செய்தவர்கள் கழுத்தில் ஒரு அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம்.

கல் தூக்கியவரைப் பற்றி ஒரு வார்த்தை. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ எடைப் பிரிவில் ஒரே வீச்சில் 149 கிலோவைத் தலைக்குமேல் கொண்டுபோனார். தன் எடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கே கட்டிப்போடப்படுவது நேரம். இரண்டு மூன்று விநாடி, மூன்று வாய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அவர் பிடித்த கம்பியில் பிடி வழுக்காமலிருக்க வெட்டுப் போட்டிருக்கும், முனையில் தட்டுகள் சுழலும். தென்பாண்டிப் பக்கம் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறார்களே, அந்தக் கல்லில் பிடியே கிடையாது. உருண்டை, வழவழவென்று இருக்கும். முழங்காலில் உருட்டி, தொடையில் ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, பிறகு தோளுக்கு. இன்று மதியம் நம் ஊரில் தூக்கியவர் கல்லோடு மல்லுக்கட்டவில்லை, அதைக் கொஞ்சினார். கவனித்தீர்களா?

இதுவரை சொன்னதெல்லாம் ஆட்டம் போடும் கட்டு. உடம்பே போட்டுக்கொண்டு வரும் கட்டும் உண்டு. சென்னை ரமேஷ் கிருஷ்ணனுக்கு சர்வீஸில் வேகமே கிடையாது. எதிராளிகள் குண்டு மாதிரி அடிக்கும் காலத்தில் இவர் பூ மாதிரி போடுவார். அதை வைத்துக்கொண்டு 1989 ஆஸ்திரேலிய ஓபனில், நடப்புச் சாம்பியனும் உலகின் முதல்நிலை வீரருமான மாட்ஸ் விலாண்டரை நேர் செட்டில் வீழ்த்தினார். பலம் இல்லாதவன் நேரத்தைத் திருடக் கற்றுக்கொள்கிறான். சேலம் மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிப்போனது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். என் பார்வையில், ஒப்பிடுவதற்கு முன் யாருக்கு என்ன கட்டு என்று முதலில் எழுதிக்கொள்ளும் ஒரே இடம் பாரா விளையாட்டுத்தான். டி42, டி63 என்றெல்லாம் பிரிவு போடுகிறார்களே, அது அதுதான். அங்கேயும் சண்டை வரும், இவன் அந்தப் பிரிவே இல்லை என்று. வரட்டும். மற்ற ஆட்டங்களில் அந்தச் சண்டையே நடப்பதில்லை.

இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கோப்பைக்கு வருகிறேன். இங்கே பலருக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் பிறந்த வி. எஸ். குமார் ஆனந்தன். வக்கீலுக்குப் படித்தவர். 1971-ல் இலங்கையிலிருந்து பாக் நீரிணையை நீந்தி இந்தியக் கரை தொட்டு, அப்படியே திரும்பி நீந்திப் போனார். 51 மணி நேரம். அவர் அதோடு நிற்கவில்லை. கின்னஸ் புத்தகத்துக்காக விதவிதமான சாதனைகள் செய்தார். அதில் ஒன்று, ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றது. 1984-ல் இங்கிலீஷ் கால்வாயில் நீந்தும்போது இறந்துபோனார்.

நீந்தியதை விளையாட்டு என்று ஒப்புக்கொள்வீர்கள். நின்றது? ஓடவில்லை, தூக்கவில்லை, எறியவில்லை. அசையாமல் இருந்தார், அவ்வளவே. எந்தப் பட்டியலில் சேர்ப்பது? ஆனால் ஒற்றைக் காலில் நிற்பதற்கு இந்தத் தொண்டை மண்டலத்தில் பழைய மரியாதை உண்டு. மாமல்லபுரத்துப் பாறையில் கைகளைத் தலைக்குமேல் கூப்பி, ஒற்றைக் காலில், விலா எலும்பு தெரிய ஒருவர் நிற்கிறார். அர்ஜுனன் என்பார் சிலர், பகீரதன் என்பார் சிலர். கீழே ஒரு பூனையும் அதேபோல் நிற்கிறது, எலிகள் அதைச் சுற்றி. பல்லவர் சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது, பார்வைக்கு இரண்டும் ஒரே போஸ்தான் என்று.

நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று இந்த மேடைக்கு எதிரே இருக்கிற பாதிப் பேருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதியைத் திறந்தார்கள். ஒரு சிறு நகரமே மாடி மாடியாக நிற்கிறது. அதில் இருக்கிற பிள்ளைகளும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் எட்டு மணி நேரம் லைனில் நிற்கிறார்கள். முன்பு சொன்ன 75 வாட் கணக்குகூட அங்கே செல்லாது. அசையாத உடம்பு வெளியே வேலை எதுவும் தருவதில்லை, உள்ளே மட்டும் எரிகிறது. கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்தால்தான் காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறும். நின்றுகொண்டே இருந்தால் கீழே தேங்கும், கணுக்கால் வீங்கும். அணிவகுப்பில் நிற்கிற போலீஸ்காரர் மயங்கி விழுவது அதனால்தான். என்னிடம் படித்த பெண்ணொருத்தி, மாவட்ட அளவில் ஓடியவள், வேலைக்குப் போன முதல் மாதம் வந்து அழுதாள். “ஓடச் சொன்னா ஓடிடுவேன் சார், நிக்கச் சொல்றாங்க” என்றாள். நான் அவளுக்கு ஐந்து வருஷம் ஓடத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். நிற்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

(சிறிது நேரம் பேசவில்லை. தண்ணீர் குடிக்கிறார்.)

சரி, கோப்பை. விழாக் குழுத் தம்பிகளே, கபடி அணித் தலைவருக்குத்தான் கொடுப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். மேடை ஏறும்போது எனக்கும் மனம் அந்தப் பக்கம்தான் கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஆனால் இப்போது கட்டுக் கணக்கில் பார்த்தால் காலையில் நடந்த மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி என் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சைக்கிள் எதற்காக இருக்கிறதோ அதையே பிடுங்கிக்கொண்டுவிடுகிறார்கள். வேகம் இருந்தால்தான் வண்டி நிற்கும். வேகம் இல்லாவிட்டால் விழும். விழாமல், காலை ஊன்றாமல், கோட்டைத் தாண்டாமல் போக வேண்டும். இருபது மீட்டரை மற்றவர்கள் முப்பது நாற்பது விநாடியில் முடித்துவிட்டார்கள். பாதிப் பேர் பத்தாவது மீட்டரில் காலை ஊன்றினார்கள். ஒரு பெண் மட்டும் நடு வழியில் ஹேண்டிலை ஒருபக்கம் திருப்பி, பெடலைச் சமமாக வைத்து, அந்தரத்தில் நிறுத்தின மாதிரி நின்றாள். நான் ஸ்டாப்வாட்சைப் பார்க்கவே மறந்துவிட்டேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் என்று பக்கத்தில் இருந்த தம்பி சொன்னான். அவளுடைய வயிறும் முதுகும் தோளும் அந்த இரண்டு நிமிடம் செய்த வேலையை அளக்க என்னிடம் கருவி இல்லை.

எனவே இந்தக் கோப்பை அந்தப் பெண்ணுக்கு. கபடிக்காரர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நாளைக்கு டீக்கடையில் என்னைத் திட்டுங்கள், நானும் வந்து உட்கார்ந்து கேட்கிறேன்.

எங்கே அம்மா நீ? மேடைக்கு வா.

(கூட்டத்திலிருந்து ஒரு சிறுவன் எழுந்து ஏதோ சொல்கிறான்.)

அப்படியா? பி ஷிஃப்டா? பஸ் எத்தனை மணிக்கு வந்தது? ... சரி, நீ அவள் தம்பியா? வா, நீ வாங்கிக்கொண்டு போ. கையில் வைத்துக்கொண்டு ஓடாதே, சைக்கிளில்தானே வந்திருக்கிறாய், கேரியரில் கட்டு.